மரைக்கு எந்த ரவை (தோட்டா)? 6.5 கிரீட்மோரா, .308ஆ?

முல்லைக்கரை | மெல்போர்ன் | 2019 ஜூன் 18

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக வாசிப்பதோடு சரி, இதுதான் முதல் பதிவு. துவக்கு (துப்பாக்கி) உரிமமும் மான் வேட்டை உரிமமும் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டன. இப்போது எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

போகப்போவது பெரும்பாலும் மான்ஸ்ஃபீல்ட், ஜேமிசன் பக்கத்துக் காடுகள். ஆசை மரையில்தான் (கடமான், இங்கே சாம்பர் என்பார்கள்). ஃபாலோ மான் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடைக்காரர் 6.5 கிரீட்மோர் ரவை போடும் துவக்கு ஒன்றைக் கையில் தந்து, "உதை குறைவு, குறி தப்பாது, இது விழுத்தாத மான் இல்லை" என்றார். மச்சான் .308 எடு என்கிறான். துவக்கு எப்படியும் டிக்கா டி3எக்ஸ்தான், அதில் மாற்றமில்லை. ரவைதான் கேள்வி.

ஒரு சின்னச் சந்தேகமும் உண்டு. ரவைப் பெட்டியில் 143 கிரெய்ன், 165 கிரெய்ன், 180 கிரெய்ன் என்று போட்டிருக்கிறதே, அது வெடிமருந்தின் நிறையா?

கிழட்டு மரை | கிப்ஸ்லாந்து | 2019 ஜூன் 18

வாரும் தம்பி. சின்னச் சந்தேகத்தை முதலில் முடிப்போம். ஊரில் நாங்கள் எல்லாவற்றையும் ரவை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே பிரித்துப் பேசாவிட்டால் குழம்பும். பித்தளைக் கோது, அடியில் தீப்பொறி தரும் கேப், உள்ளே மருந்து, முனையில் சன்னம், எல்லாம் சேர்ந்தது ரவை. பறந்து போய் மானில் படுவது சன்னம் மட்டும். பெட்டியில் போட்டிருக்கும் கிரெய்ன் அந்தச் சன்னத்தின் நிறை. 180 கிரெய்ன் என்றால் 11.7 கிராம், ஏறத்தாழ ஒன்றரைப் பவுன். 130 கிரெய்ன் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கூட. இப்படி மனதில் வைத்தால் மறக்காது, மனைவிக்கும் விளங்கும்.

இனிக் கடைக்காரர் கதை. அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா, தெரியவில்லை. இந்த 2019இல் உள்ள நம் விக்டோரியா மாநிலச் சட்டப்படி மரை, சிவப்பு மான், ரூசா மூன்றுக்கும் துவக்கின் விட்டம் .270 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, சன்னம் 130 கிரெய்னுக்குக் குறையக்கூடாது. 6.5 மில்லிமீட்டர்ச் சன்னத்தின் விட்டம் .264 அங்குலம். ஆறாயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தால் பெயில்! ஃபாலோ, புள்ளிமான், ஹாக் மான் என்றால் .243உம் 80 கிரெய்னும் போதும், அங்கே கிரீட்மோர் தாராளமாகச் செல்லும். மரையில் சுட்டால் நீர் சட்டத்துக்கு வெளியே.

ஆகவே உம்முடைய கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது.

முல்லைக்கரை | 2019 ஜூன் 18

ஐயோ. நாளைக்கு முன்பணம் கட்ட இருந்தேன் அண்ணை. நன்றி.

வடதுருவத்தான் | நோர்வே | 2019 ஜூன் 19

கிழட்டு மரை அண்ணை கோபிக்கக்கூடாது. ஆறாயிரத்தில் ஒரு பங்கு இல்லை, ஆயிரத்தில் ஆறு பங்கு. :)

சட்டம் சட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் எழுதியவர்கள் விட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியதுதான் எனக்கு விளங்கவில்லை. இங்கே 6.5x55 என்ற ரவையை நோர்வே இராணுவம் 1894இல் கிராக்-யோர்கன்சென் துவக்கோடு எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை அதே ரவையால் எல்க் என்ற பெரிய மான் விழுந்துகொண்டிருக்கிறது. வளர்ந்த எல்க் ஆண் ஒன்று 400 கிலோவும் வரும். மரையைவிடப் பெரிது.

நோர்வேச் சட்டம் விட்டத்தைக் கேட்பதில்லை. எல்க்குக்கு: சன்னம் 9 முதல் 10 கிராம் என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் சக்தி வேண்டும், 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 ஜூல் போதும். அதனால்தான் இங்கே 6.5க்கு 10.1 கிராம் சன்னம் (156 கிரெய்ன்) போட்டு விற்கிறார்கள். கனமான, நீளமான சன்னம், மெதுவாகப் போகும், ஆழமாக இறங்கும். அதற்கு மேல், ஒவ்வொரு வருடமும் சீசனுக்கு முன் 30 பயிற்சி வெடி வைத்து, பிறகு 100 மீட்டரில் 30 செ.மீ. வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்தும் அடித்துக் காட்டினால்தான் காட்டுக்குள் விடுவார்கள். நான் முதல் வருடம் நான்கு அடித்தேன், ஐந்தாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. திரும்ப வரிசையில் நின்றேன்.

ஸ்கொட்லாந்தில் வேறு கதை, இந்த 2019 நிலவரப்படி: சிவப்பு மானுக்கு 100 கிரெய்ன், விநாடிக்கு 2450 அடி வேகம், 1750 அடி-பவுண்டு சக்தி. இங்கிலாந்தில் .240 அங்குலமும் 1700 அடி-பவுண்டும். ஒரே மான், நாட்டுக்கு நாடு வேறு கணக்கு.

கிழட்டு மரை | 2019 ஜூன் 19

கணக்கில் நான் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான்.

தம்பி சொல்வதில் பிழையில்லை. 6.5 மரையைக் கொல்லுமா என்று கேட்டால், நல்ல சன்னம் சரியான இடத்தில் பட்டால் கொல்லும். ஆனால் உரிமம் பறிபோனால் அந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

முந்நூறு மேக்னம் | சிட்னி | 2019 ஜூன் 19

இவ்வளவு பேச்சு எதற்கு? .300 வின்செஸ்டர் மேக்னம் எடுங்கள் ப்ரோ, மருந்து கூடிய, வேகமான ரவை. 180 கிரெய்ன், விநாடிக்கு 2950 அடி. எங்கே பட்டாலும் விழும்.

கிழட்டு மரை | 2019 ஜூன் 20

"எங்கே பட்டாலும் விழும்" என்ற அந்த வார்த்தைக்காகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து வருடம் முன்னர் என்னிடம் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் இருந்தது. வேகப் பைத்தியம். 140 கிரெய்ன் சாதாரணச் சன்னம், ஈயத்துக்கு மேலே மெல்லிய செப்பு உறை, அவ்வளவுதான். ஃபாலோ மானுக்கும் ஆட்டுக்கும் மின்னல் போல வேலை செய்தது. டார்கோ பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்குகிறேன், மரப்பன்னங்களுக்கு (மரம் போல வளரும் பெரணி) நடுவே மரை ஆண் ஒன்று பக்கவாட்டாக நிற்கிறது. நாற்பது மீட்டர்கூட இல்லை. அதன் தோளுக்குக் குறிவைத்துச் சுட்டேன். சன்னம் பட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது. மரை ஒரு தடவை முழங்காலில் இறங்கி எழுந்து, பள்ளத்துக்குள் போய்விட்டது.

அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போய்ப் பார்த்தால் மயிர் இருக்கிறது, எலும்புத் துணுக்கு இருக்கிறது, இரத்தம் நாலைந்து சொட்டுத்தான். மரையின் தோல் தடிப்பு. சன்னம் மறுபக்கம் வெளியே வராவிட்டால் இரத்தம் உள்ளேயே தேங்கிவிடும், தடம் பிடிக்க முடியாது. பிளாக்பெரி முள்ளுக்குள் இருட்டும் வரை தவழ்ந்தேன். அடுத்த நாள் நண்பர் தன் விஸ்லா நாயோடு வந்தார். நாய் இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தது. இறைச்சி வீண்.

தோலை உரித்துப் பார்த்தேன். தோள் எலும்பு நொறுங்கியிருந்தது. சன்னமும் அதிலேயே நொறுங்கித் தூளாகிவிட்டது. நெஞ்சுக்குள் போனவை சில துணுக்குகள் மட்டும். நாற்பது மீட்டரில் அந்தச் சன்னத்தின் வேகம் குறையவே இல்லை, அந்த வேகத்தில் எலும்பைச் சந்திக்க அது செய்யப்படவில்லை. சக்தி போதாமல் தப்பவில்லை தம்பி, சக்தி கூடித்தான் தப்பியது.

இதே அனுபவம்தான் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கருக்கும். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் (நோர்வேத் தம்பி சொன்ன எல்க்தான்) வேட்டை. .300 மேக்னத்தால் அடித்தும் சன்னங்கள் மேலோட்டமாக உடைந்து போயின. வீட்டுக்குப் போய் யோசித்து, சன்னத்துக்கு நடுவே ஒரு செப்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 1948இல் பார்ட்டிஷன் என்ற பெயரில் கம்பனியே தொடங்கினார். இன்றும் விற்பனையில் இருக்கிறது.

ஆகவே முல்லைக்கரை, நீர் ரவையின் பெயரைக் கேட்கிறீர். நான் கேட்பது அந்த ரவையின் முனையில் எந்தச் சன்னம் இருக்கிறது என்று. மரைக்கு ஒட்டுச் சன்னம் எடும். ஈயத்தையும் உறையையும் பிரியாதபடி ஒட்டியிருப்பார்கள். ஃபெடரல் ஃபியூஷன், நோர்மா ஓரிக்ஸ், நோஸ்லர் ஆக்குபாண்ட். நம் மாநிலத்தில் உருவான வுட்லீயும் அந்த வகைதான். விரிந்தாலும் முக்கால்வாசி நிறையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

முழு உறைச் சன்னம் (இராணுவத்தில் பாவிப்பது) பக்கமே போகாதீர். விரியாது, பென்சில் ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும், மான் எங்கேயோ போய்ப் படுத்துச் சாகும்.

முந்நூறு மேக்னம் | 2019 ஜூன் 20

சரி அண்ணே, வாபஸ். ஆனால் என் துப்பாக்கியில் 180 கிரெய்ன் ஆக்குபாண்ட்தான் போடுகிறேன், அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வத்தல் | மெல்போர்ன் | 2019 ஜூன் 20

அப்படியென்றால் சண்டையே இல்லையே! எனக்கு ஒரே ஒரு கவலை, இறைச்சி. மேக்னத்தால் தோளில் அடித்த மரை ஒன்றைப் பங்கு பிரிக்கப் போனேன். ஒரு பக்கத் தோள் முழுக்க இரத்தம் கட்டிக் கறுத்துக் கிடந்தது, பத்துக் கிலோவாவது குப்பைக்குப் போனது. கொஞ்சம் மெதுவான ரவை, கனமான சன்னம், தோளுக்குப் பின்னால் அடி. வத்தல் போடுகிறவர்கள் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பச்சைமலை | திருச்சி | 2019 ஜூன் 21

இந்த இழை எதேச்சையாகக் கண்ணில் பட்டது. எங்கள் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைத் தொட்டால் சிறை. நீங்கள் எடை போட்டுக் கொல்வதைப் பற்றிப் பேசுகிறீர்கள். மனம் ஒப்பவில்லை.

நெறியாளர் | 2019 ஜூன் 21

பச்சைமலை, உங்கள் மனம் புரிகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மரை அந்த மண்ணின் உயிர், அங்கே அதற்குக் காவல் வேண்டும். விக்டோரியாவில் நிலைமை வேறு. 1860களில் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்டவை இவை, இலங்கையிலிருந்து வந்தவையும் அதில் உண்டு. புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருகி மரக்கன்றுகளைக் கடித்தும் கொம்பால் உரசியும் அழிக்கின்றன. மரையால் உள்நாட்டுத் தாவரங்களுக்கு வரும் கேட்டை மாநிலச் சட்டமே அச்சுறுத்தலாகப் பட்டியலிட்டிருக்கிறது. வேட்டை சரியா பிழையா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் பேசுவோம். இங்கே ரவை மட்டும்.

கிழட்டு மரை | 2019 ஜூன் 21

எங்களைப் போலவே அதுவும் கப்பலேறி வந்ததுதான் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. சரி, அதை விடுவோம்.

முல்லைக்கரை | 2019 ஜூன் 23

.308 என்று முடிவு செய்துவிட்டேன். .270உம் .30-06உம் பார்த்தேன், ஆனால் கடைகளில் .308க்குத்தான் சன்ன வகை அதிகம், விலையும் குறைவு. இப்போது 150ஆ, 165ஆ, 180ஆ?

வடதுருவத்தான் | 2019 ஜூன் 23

நல்ல முடிவு. .308 1952இல் வந்தது, .30-06 1906இல். சன்னத்தின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், பின்னதில் மருந்து கொஞ்சம் கூட. 200 மீட்டருக்குள் அந்த வித்தியாசம் மானுக்குத் தெரியாது.

கிழட்டு மரை | 2019 ஜூன் 24

ஒட்டுச் சன்னம் என்றால் 165 அல்லது 180. நீர் போகும் காடு அடர்த்தி. நூறு மீட்டருக்கு உள்ளேதான் பெரும்பாலும் காண்பீர். அங்கே வேகம் முக்கியமில்லை, இறங்கும் ஆழம்தான் முக்கியம். பள்ளத்தின் எதிர்க்கரையில் 250, 300 மீட்டரில் நிற்பதை அடிக்க ஆசை வரும். 180 கிரெய்னை 200 மீட்டரில் குறியில் படும்படி சரிபார்த்து வைத்தால் 300இல் ஏறத்தாழ ஓர் அடி கீழே விழும். முதல் வருடம் அந்த ஆசை வேண்டாம். அடித்தாலும் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறி இறைச்சி தூக்கப்போவது நீர்தானே.

இன்னொன்று. "கனமான சன்னம் பற்றையை வெட்டிக்கொண்டு போகும்" என்று யாராவது சொல்வார்கள். நம்பவேண்டாம். விரல் தடிப்புக் கொப்பு ஒன்று எந்தச் சன்னத்தையும் திருப்பிவிடும். இடைவெளி தெரியாவிட்டால் விசையிலிருந்து விரலை எடும்.

அப்புறம், ஒரே வகையில் நாலு பெட்டி வாங்காதீர். மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி 100 மீட்டரில் அடித்துப் பாரும். துவக்குக்கும் பிடித்தது பிடிக்காதது உண்டு. பக்கத்து வீட்டுக்காரனுடைய அதே டிக்கா சாப்பிடுவதை உம்முடையது துப்பக்கூடும்.

செம்மண்காரன் | கலிபோர்னியா | 2019 ஜூலை 2

தாமதமாக வருகிறேன். நேற்றிலிருந்து எங்கள் மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. 2013இல் போட்ட சட்டம், படிப்படியாக வந்து ஜூலை 1இல் முழுதாக அமலுக்கு வந்துவிட்டது. காரணம் காண்டோர் கழுகு. 1987இல் காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்துத்தான் இனத்தைக் காப்பாற்றினார்கள். வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுப்போகும் குடலில் ஈயத் துணுக்குகள் இருக்கும். கழுகு தின்னும், ஈய நஞ்சு ஏறிச் சாகும். நம்மூர்ப் பாறு கழுகுக்கு மாட்டு மருந்து டைக்ளோஃபினாக் எமனாக வந்ததே, அதே மாதிரிதான்.

கழுகை விடுங்கள், நம் தட்டையும் பார்க்க வேண்டும். 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயத் துணுக்குகள் இருந்ததைக் கண்டு, இருந்ததை வீச வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து நன்றாகத் தள்ளியும் சிதறிக் கிடக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் யோசியுங்கள்.

நான் மூன்று வருடமாக முழுச் செம்புக் குண்டுதான், பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ். நான்கு இதழாக விரியும், சிதறாது, நிறை அப்படியே இருக்கும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட எடை குறைந்த உலோகம், அதே கிரெய்னுக்குக் குண்டு நீளமாகிவிடும். அதனால் ஒரு படி இறங்கி எடுக்க வேண்டும், .308இல் 150 போதும். இன்னொன்று, செம்பு விரிய வேகம் வேண்டும். விநாடிக்கு 2000 அடிக்குக் கீழே போனால் நம்ப முடியாது. மெதுவான தோட்டாவில் தூரத்தில் அடிக்க இது ஆகாது.

கிழட்டு மரை | 2019 ஜூலை 2

இறங்கி எடுக்கும்போது எங்கள் 130 கிரெய்ன் எல்லையையும் மறக்கவேண்டாம். .270க்கு 110 கிரெய்ன் செம்பு நல்ல சன்னம் என்று அமெரிக்கப் பதிவுகளில் வாசித்துவிட்டு இங்கே மரைக்குக் கொண்டுபோனால் மறுபடியும் சட்டத்துக்கு வெளியே. .308இல் 150 என்றால் பிரச்சினை இல்லை.

எனக்குச் செம்பு பழக்கமில்லை, ஆனால் செம்மண்காரன் சொன்ன கொத்துக்கறிக் கதை உறுத்துகிறது. பேரப்பிள்ளைகள் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

வத்தல் | 2019 ஜூலை 3

எவ்வளவு விலை அந்தச் செம்பு?

செம்மண்காரன் | 2019 ஜூலை 3

சாதாரணத் தோட்டாவைவிட இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வரும். வருடத்துக்கு எத்தனை மானை அடிக்கிறீர்கள்? பயிற்சிக்கு மலிவானதை வைத்துக்கொண்டு வேட்டைக்கு மட்டும் இதைப் போடலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு இடத்தில் படும், வேட்டைக்கு முன் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

முல்லைக்கரை | 2019 ஜூலை 21

துவக்கு வந்துவிட்டது. நேற்று சுடுதளத்துக்குப் போனேன், 100 மீட்டர், ஒவ்வொன்றிலும் மூன்று மூன்று வெடி.

165 கிரெய்ன் ஃபியூஷன்: ஓட்டைகளுக்கிடையே 4 செ.மீ. இடைவெளி.
180 கிரெய்ன் ஓரிக்ஸ்: 2.5 செ.மீ.
150 கிரெய்ன் செம்பு: முதல் தடவை 7, இரண்டாம் தடவை 6.

அண்ணை சொன்னது போலத்தான், என் துவக்குக்குச் செம்பு பிடிக்கவில்லை. உதை பற்றிச் சொல்ல மறந்தேன். மூன்று கிலோவுக்கும் குறைந்த துவக்கு, 180 நன்றாகவே உதைக்கிறது. பத்தாவது வெடிக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பதை மச்சான் கண்டுபிடித்துவிட்டான்.

வடதுருவத்தான் | 2019 ஜூலை 21

அந்தக் கண் மூடுதல்தான் மேக்னத்தில் இரண்டு மடங்காக வரும். ஒரே நாளில் நிறைய அடிக்க வேண்டாம். .22 என்ற சின்ன ரவைத் துவக்கில் பழகுங்கள், கடைசியில் ஐந்து வெடி மட்டும் .308. செம்பை ஒரேயடியாகக் கைவிட வேண்டாம், வேறு நிறுவனத்தின் செம்பு அதே துவக்கில் நன்றாகப் போகக்கூடும்.

முல்லைக்கரை | 2019 செப்டம்பர் 8

ஓம், நடந்துவிட்டது.

நேற்றுக் காலை, ஜேமிசனுக்கு மேலே. ஓகஸ்ட்டில் மூன்று தடவை போய் மரையின் பின்பக்கத்தையும் அது கொடுக்கும் அந்த "ஹோங்" என்ற சத்தத்தையும் தவிர எதையும் காணவில்லை. நேற்று மழை விட்ட கையோடு, ஒரு பெண் மரை ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டு நின்றது. கன்று இல்லை என்று ஐந்து நிமிடம் பார்த்து நிச்சயப்படுத்தினேன். 70 மீட்டர். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மூன்றில் ஒரு பங்கு உயரம். 180 ஓரிக்ஸ்.

மரை குதித்து ஓடியது. கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். போய்ப் பார்த்தால் பன்ன இலைகளில் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம். நுரையீரல் என்று விளங்கிவிட்டது. நாற்பது அடி தூரத்தில் கிடந்தது.

சன்னம் வெளியே போகவில்லை அண்ணை. மறுபக்கத் தோலுக்குக் கீழே, விலா எலும்பைத் தாண்டி, காளான் மாதிரி விரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவியின் நகை நிறுக்கும் தராசில் வைத்தேன்: 9.2 கிராம். போகும்போது 11.7. கழுவித்தான் வைத்தேன், இருந்தாலும் தராசு இனி உங்களுடையது என்று சொல்லிவிட்டார்.

வத்தல் | 2019 செப்டம்பர் 8

இறைச்சி?

முல்லைக்கரை | 2019 செப்டம்பர் 8

இரண்டு விலா எலும்பைச் சுற்றி ஒரு கையளவு மட்டும் வெட்டி வீசினேன். குழந்தைக்குக் கொடுக்கும் பகுதியைக் காயத்திலிருந்து தள்ளிப் பின்தொடையில் எடுத்தேன். மிச்சம் ஃப்ரிட்ஜ் முழுக்க.

வத்தல் | 2019 செப்டம்பர் 8

சனிக்கிழமை வெயில் என்று சொல்கிறார்கள். மஞ்சளும் உப்பும் நான் கொண்டுவருகிறேன், கொடி கட்ட இடம் இருக்கிறதா?

கிழட்டு மரை | 2019 செப்டம்பர் 9

79 சதவீதம் மிச்சம். வெளியே போகாதது பற்றிக் கவலைப்படாதீர், மறுபக்கத் தோல் வரை போனால் வேலை முடிந்தது. ஓடிய நாற்பது அடியில் இரத்தம் தொடர்ச்சியாக இருந்ததா, இடையில் விட்டு விட்டா? அதையும் எழுதும். நானும் செம்பு ஒரு பெட்டி வாங்கிவிட்டேன், அடுத்த ஞாயிறு சுடுதளத்தில் நிற்பேன்.